முதல் தீவுப் பயணம்: அந்தமானா, பாலியா?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மச்சினன் குடும்பம் இதுவரை போன தூரதேசம் ஊட்டிதான். இந்த வருஷம் தீவுக்குப் போகிறார்களாம். பிள்ளைகளுக்குப் பாலி, மச்சினனுக்கு அந்தமான். இரண்டுக்கும் போய் வந்தவன் என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "எது அத்தான் நல்ல தீவு?" என்றான். "அதை விடு, உனக்கு எந்த மாசம் லீவு?" என்றேன்.

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் அந்தமானிலும் அதே தென்மேற்குப் பருவமழைதான். கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு ஓடும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நான் ஒரு ஜூலையில் போய் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டேன். (இப்போது அதன் பெயர் சுவராஜ் தீவு.) படகு டிக்கெட் கொடுத்தவர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சென்னை விமானம் நான் இல்லாமலே போய்விட்டது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் அந்தமானுக்குத் தோது. பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழ்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெயில், டிசம்பர், ஜனவரியில் நல்ல மழை. ஆக, அரைப் பரீட்சை லீவு, பொங்கல் என்றால் அந்தமான். மே மாசம் என்றால் யோசிக்காமல் பாலி.

போகிற வழியில் அந்தமான்தான் சுலபம். வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) ஏறிச் சென்னை, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கையில் ஆதார் இருந்தால் போதும். விமானம் இறங்கும் தலைநகர் போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். பாலிக்குத் திருவனந்தபுரத்திலோ திருச்சியிலோ ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாற வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா, சுற்றுலா வரி தனியாக 1.5 லட்சம். லட்சம் என்றதும் நெஞ்சைப் பிடிக்காதீர்கள். விசாப் பணம் நம் காசில் மூவாயிரத்துக்குள்தான். அங்கே ஸ்கூட்டர் ஓட்ட ஆசையிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போங்கள்.

சாப்பாடு? அந்தமானில் தமிழ் பேசினாலே இட்லி வந்துவிடும். பாலியில் என் அத்தையைப் போலச் சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெங்காயமும் எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் பொடியாக அரிந்து எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் சம்பல் பார்க்கப் பச்சடி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் 'தெராசி' என்கிற புளிக்கவைத்த இறால் விழுது இருக்கலாம். கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஒரு டப்பா பருப்புப்பொடி கொண்டுபோனால் நிம்மதி.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், பாலியில் எல்லோரும் காட்டுவது அடுக்கு வயல். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாமிரபரணி வாய்க்கால் வரப்பில் நடந்து வளர்ந்த நான் டிக்கெட் எடுத்து நெல் வயல் பார்க்கும்போது சிரிப்புதான் வந்தது. எனக்குப் பிடித்தது வீட்டு வாசல்கள். சாமிக்கு வைக்கும் படையல்: உள்ளங்கை அகலத்துக்கு ஓலைத் தட்டு, அதில் பூ, நாலு சோற்றுப் பருக்கை, ஊதுவத்தி. சிலதில் பிஸ்கட், ஒன்றில் சிகரெட்கூட! நடைபாதையிலேயே இருக்கும், மிதித்துவிடாதீர்கள்.

அந்தமானில் செல்லுலார் சிறையைத் தவறவிடக் கூடாது. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-இல்தான் அதைக் கட்டி முடித்தார்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அங்கேயும் இந்திய நேரம்தான், ஆனால் குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். டீ குடித்துவிட்டு மெதுவாகக் கடற்கரைக்குப் போனால் அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வரலாம்.

மச்சினனுக்கு லீவு மே மாசம்தானாம். அத்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.