உரத்துக்கு நாலு ஸ்டார், பாட்டிலுக்கு ரெண்டு

மீன்தொட்டிக்குள் வளர்க்கும் நீர்ச்செடிகளுக்கான உரம் இது. மேக்ரோ (நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற பேரூட்டம்), மைக்ரோ (இரும்பு போன்ற நுண்ணூட்டம்) என்று இரண்டு அரை லிட்டர் பாட்டில்களாக வருகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரி பாட்டிலில் வேறு சிலரும் விற்கிறார்கள்.

உரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நீர்ச்செடிகளில் ரோட்டாலா நுனி சிவக்கிறது, வாலிஸ்னேரியா தொட்டி முழுக்கப் பக்கக் கன்று விடுகிறது, புது இலை வெளிறுவது நின்றுவிட்டது. இரண்டாகப் பிரித்துத் தருவதும் நல்லதுதான். இரும்பும் பாஸ்பேட்டும் அடர்த்தியாக ஒரே பாட்டிலில் கிடந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாக அடியில் இறங்கிவிடும். எல்லாம் ஒரே பாட்டிலில் என்று விற்பவர்கள் கொஞ்சம் அமிலம் சேர்த்துத்தான் அதைச் சமாளிக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாட்டில் இருக்கிறதே! கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக். மைக்ரோவில் உள்ள இரும்பை இடிடிஏ, டிடிபிஏ மாதிரி ஒரு கீலேட்தான் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) கரைசலில் பிடித்து வைத்திருக்கிறது. தொடர்ந்து வெளிச்சம் பட்டால் அது சிதையும், இரும்பு துருநிறத் தூளாகப் பிரியும். இது தெரிந்தும், தொட்டி விளக்குக்குப் பக்கத்திலேயே பாட்டிலை வைத்து டப்பாவில் படம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பம்ப். அழுத்தி முடித்ததும் மேக்ரோ ஒரு சொட்டு மூக்கில் நிற்கும். காரைக்குடி வெயிலில் மறுநாளே அது காய்ந்து வெள்ளை ஊசிகளாகப் படியும், பொட்டாசியம் நைட்ரேட் உப்பு. அடுத்த அழுத்தில் பாதி அளவு முன்னால் வரும், மீதி பக்கவாட்டில் பீய்ச்சும். ஒரு அழுத்துக்கு இத்தனை மில்லி என்ற கணக்கெல்லாம் அதோடு போச்சு.

அதனால் உரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டிலை மாற்றிவிட்டேன். மைக்ரோ, ஆய்வகச் சாமான் கடையில் வாங்கிய பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கிறது. மேக்ரோவுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கேனே போதும். அளக்க மருந்துக்கடை ஐந்து மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். சிரிஞ்சைப் பாட்டிலுக்குள் விடுவதில்லை. சின்ன மூடியில் கொஞ்சம் ஊற்றி அதிலிருந்து எடுப்பேன், மிஞ்சினால் தொட்டிக்குப் போகுமே தவிர பாட்டிலுக்குத் திரும்பாது. மைக்ரோவில் பஞ்சு பஞ்சாக மிதக்கும் பூஞ்சை பெரும்பாலும் இப்படித் திரும்ப ஊற்றுவதாலும் ஈரக்கை படுவதாலும் வருவதுதான். பொட்டாசியம் சார்பேட் சேர்த்த உரமாக இருந்தால் தாக்குப்பிடிக்கும்; லேபிளில் தேடிப் பாருங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மேக்ரோவை வைக்காதீர்கள். 20 டிகிரியில் நூறு மில்லி தண்ணீரில் முப்பது கிராமுக்கு மேல் கரையும் பொட்டாசியம் நைட்ரேட், பூஜ்ஜியத்துக்குப் போனால் பாதிகூடக் கரையாது. அடர்த்தியான கரைசல் என்றால் உப்பு அடியில் உறைந்துவிடும், மேலே இருப்பதை ஊற்றினால் செடிக்குப் பாதி சாப்பாடுதான். உறைந்துவிட்டால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திக் குலுக்கினால் சரியாகிவிடும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஃபிரிட்ஜே தேவையில்லை. எங்கள் இரண்டாம் கட்டில் சாமான் அறை, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை. சித்திரையிலும் தரையோரம் கை வைத்தால் குளுகுளு என்றிருக்கும், சூரியன் எட்டிப் பார்க்காது. கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். அப்பத்தா மைக்ரோவை எடுத்துக்கொண்டு வந்து, “ஏப்பா, நன்னாரி சர்பத்தை ஏன் இங்கன கொண்டாந்து வச்சிருக்க?” என்றார். நிறம் அப்படியே நன்னாரிதான். அன்றைக்கே சிவப்பு மார்க்கரில் ‘மீன்தொட்டி உரம், குடிக்கக் கூடாது’ என்று எழுதி, திறந்த தேதியும் போட்டு, மேல்தட்டில் பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றியாச்சு. லிக்விட் கார்பன் (நீர்ச்செடிக்குக் கார்பன் சத்து என்று விற்கும் திரவம்) வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு, விஷம்.

இதே உரத்தைப் பம்ப் இல்லாமல், வெளிச்சம் புகாத கேனில், சாதா மூடியோடு கொடுத்தால் ஐந்து ஸ்டாரும் தருவேன்.