கிழமை நாளுக்கு ஒன்று, போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஒன்று: நேரமில்லாதவர் எந்தத் தொடரைப் பார்ப்பது?

விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவருக்கும், ஹட்டனிலிருந்து தோட்டப் பாடசாலைக்கு முதல் பஸ் பிடிக்க வேண்டிய ஆசிரியருக்கும் இரவில் டீவிக்கென்று மிஞ்சுவது முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் கண் திரையில் இருக்காது, கை ரொட்டி மாவில் இருக்கும். இவர்களிடம் போய் ‘எது சிறந்த தொடர்’ என்று பட்டியல் நீட்டிப் பயனில்லை. நடுவில் விட்டாலும் மறுநாள் பிடித்துக்கொள்ளக்கூடியது எது, ஒரு பத்து நிமிடம் தவறினால் ஒன்றுமே புரியாமல் போவது எது என்று தெரிந்தால் போதும். இங்கே எல்லாத் தொடரும் அந்தத் தராசில்தான் நிறுக்கப்படுகின்றன.

மெகா தொடரில் தொடங்குவோம். எல்லா வீட்டிலும் ஓடுவது அதுதானே. அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் கதை. வாரத்துக்கு ஆறு நாள் பார்த்தால் 132 நிமிடம். மூன்று வாரத்தில் ஆறரை மணி நேரம் போய்விடும். ஒரு நல்ல இணையத் தொடரின் முதல் பருவம் முழுவதையும் பார்க்க அதுவே போதும். ஆனாலும் மெகா தொடரிடம் ஒரு குணம் இருக்கிறது, அதை எதனாலும் சாகடிக்க முடியாது. நான்கு நாள் கரண்ட் இல்லாமல் போனாலும் ஐந்தாம் நாள் கதை அதே கூடத்தில்தான் நிற்கும். சன் டீவியின் ‘எதிர்நீச்சல்’ 2022 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை 700 அத்தியாயத்துக்கு மேல் ஓடியது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்த காலம்தான் அதன் உச்சம். 2023 செப்டெம்பர் 8இல் அவர் காலமானார். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனால் பழைய நக்கல் திரும்பி வரவில்லை.

மெகா தொடரை விட மனமில்லாதவர்கள் வெள்ளியும் சனியும் மட்டும் பார்க்கலாம். திங்கட்கிழமை ஆட்களைத் திரும்ப இழுக்க வேண்டும் என்பதால் முடிச்சை வார இறுதியில்தான் போடுவார்கள். செவ்வாய், புதன் அத்தியாயங்களில் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஆறு முகங்கள் மாறி மாறி அதிர்ச்சி அடைவதுதான் பெரும்பகுதி. அது இல்லாமலேயே கதை புரியும்.

கிழமை நாளுக்கு: ‘அயலி’யா, ‘தலைவெட்டியான் பாளையமா’?

இரண்டுக்கும் எட்டெட்டு அத்தியாயம். இரண்டிலும் ஒரு அத்தியாயம் அரை மணி நேரத்தை ஒட்டியே முடிகிறது. படுக்குமுன் ஒன்று பார்த்தால் ஒன்றரை வாரத்துக்குள் தொடர் முடிந்துவிடும்.

‘தலைவெட்டியான் பாளையம்’ 2024 செப்டெம்பரில் பிரைம் வீடியோவில் வந்தது. 2020இல் வெளிவந்த ‘பஞ்சாயத்’ என்ற ஹிந்தித் தொடரின் தமிழ் வடிவம். சென்னைப் பையன் ஒருவன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாயத்துச் செயலாளராக வந்து மாட்டிக்கொள்கிறான். அத்தியாயத்துக்கு ஒரு சின்னச் சிக்கல், அது அங்கேயே தீர்ந்துவிடும். மூன்றாவதைப் பார்க்காமல் நான்காவதற்குப் போனாலும் நட்டமில்லை. அடுப்படியிலிருந்து காதால் கேட்டுக்கொண்டே பார்க்கத் தோதானது. சேதனும் தேவதர்ஷினியும் வசனத்திலேயே பாதிக் காட்சியைக் காட்டிவிடுவார்கள். குறை என்றால், மூலத்தைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக அதிகம் இல்லை. நமக்கு இன்னொரு தூரமும் உண்டு. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து, அதற்கு ஒரு அலுவலகம், அதில் நாற்காலிக்குச் சண்டை என்பதெல்லாம் அங்கே பழகிப்போன பகிடி. தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவழிக்கவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த ஊர் நம்முடையது. அந்த நகைச்சுவை இங்கே கொஞ்சம் வேறு மாதிரித்தான் கேட்கும்.

‘அயலி’ 2023 ஜனவரி 26இல் ஜீ5இல் வெளியானது. முத்துக்குமார் இயக்கம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், 1990களின் காலம். வயசுக்கு வந்ததும் பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊர் அது. டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். மறைத்த நிமிடத்திலிருந்து கதைக்குச் சாவி கொடுத்தாயிற்று. அடுத்து யாருக்குத் தெரியும், எப்போது தெரியும் என்ற ஒரே கேள்வியில் எட்டு அத்தியாயமும் ஓடுகின்றன. பாத்திரங்கள் குறைவு, கதை நேர்கோட்டில் போகிறது. இரண்டு நாள் விட்டுத் திரும்பி வந்தாலும் எந்த இடத்தில் நின்றோம் என்பது மறக்காது.

இதில் பிரசாரம் கொஞ்சம் தூக்கல்தான். கடைசி அத்தியாயங்களில் பாத்திரங்கள் பேசுவதை விட்டு மேடை ஏறுகின்றன. அபி நட்சத்திராவின் முகமும், தாயாக வரும் அனுமோளின் அடக்கமான நடிப்பும் அதை ஈடுகட்டுகின்றன. மலையகத்தில் இதற்கு மேலதிகமாக ஒரு காரணமும் உண்டு. இங்கு வந்த முன்னோரில் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக்காரர்கள். அந்த ஊர்ப் பேச்சும் சாமி கும்பிடும் விதமும் நமக்கு அந்நியமாகத் தெரியாது. ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதுமுன்னே பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று பேசப்பட்ட வீட்டில் இதைக் கதையாக மட்டும் பார்க்க முடியாது. ஒரே அறையில் அப்பா, தாத்தா, பிள்ளைகள் எல்லாரும் இருக்கும் வீட்டில் சில காட்சிகளுக்குச் சங்கடப்படுவார்கள். ஆனால் அசிங்கம் எதுவும் இல்லை, பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளையோடு தாய் உட்கார்ந்து பார்க்க ஏற்றது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ‘அயலி’.

போயாவுக்கு: மூன்று பொலிஸ் கதைகள்

‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’ மூன்றும் 2022இல் வந்தவை, மூன்றிலும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் உண்மையைத் தேடி அலைகிறார். அதனால் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டுமானத்தில் மூன்றும் வேறு வேறு.

நேரம் குறைந்தவருக்கு ‘விலங்கு’. ஜீ5, ஏழு அத்தியாயம், பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம், விமல் நாயகன். திருச்சிப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் தினசரி வேலை எப்படி நடக்கிறது, மேலதிகாரி கீழே இருப்பவனை எப்படி நசுக்குகிறார் என்பதை இவ்வளவு நம்பும்படி காட்டிய தமிழ்த் தொடர் வேறில்லை. கதை ஒரே கோட்டில் போகிறது, முன்பின் தாவுவது குறைவு. பொலிஸ் அடி, கெட்ட வார்த்தை, சடலம் மூன்றும் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் போட வேண்டும், சத்தத்தையும் குறைத்து. வரிசை வீடான லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் காது இருக்கிறது.

‘சுழல்’ பிரைமில். புஷ்கர்–காயத்ரி எழுதியது, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். எட்டு அத்தியாயம், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட. மலையடிவாரத்துச் சிறு நகரம், சிமெந்துத் தொழிற்சாலை, வேலைநிறுத்தம், சங்கத் தலைவராகப் பார்த்திபன். தொழிற்சாலை எரிகிற அதே இரவில் அவருடைய மகளைக் காணவில்லை. கூடவே மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டே இருக்கிறது. மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு, வேஷம் கட்டிய மனிதன் சாமியாக மாறும் அந்தக் காட்சிகளில் விளக்கம் தேவைப்படாது. நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் நடுவே தொழிலாளி நசுங்குவதையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதன் சிக்கல் வேறு: ஒவ்வொரு அத்தியாயமும் சந்தேகத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்திவிட்டு முடிகிறது. நான்கு நாள் இடைவெளி விட்டால் யார் மீது ஏன் சந்தேகம் வந்தது என்பதே மறந்துபோகும். சனி இரவு நான்கு, ஞாயிறு நான்கு என்று பிரித்துப் பாருங்கள், அல்லது போயா விடுமுறையில் ஒரே மூச்சாக. சிறுவர் துஷ்பிரயோகம் கதையின் அடியில் ஓடுகிறது, அதைத் தாங்க முடியாதவர் தொடவே வேண்டாம். 2025 பெப்ரவரி 28இல் வந்த இரண்டாம் பருவம் வேறு ஊர், வேறு வழக்கு. முதல் பருவத்தின் முடிவு தெரியாமல் அதற்குள் போகாதீர்கள், தொடக்கமே அந்த முடிவிலிருந்துதான்.

‘வதந்தி’ மூன்றில் அழகானது, மூன்றில் சிரமமானதும் அதுவே. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம், எஸ்.ஜே. சூர்யா, எட்டு அத்தியாயம், 2022 டிசம்பரில் பிரைமில் வெளியானது. கன்னியாகுமரிப் பக்கம் கொல்லப்பட்ட வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எது நடந்தது எது வதந்தி என்று நாம்தான் பிரிக்க வேண்டும். போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டே பார்த்தால் ஐந்தாவதில் கைவிட்டுவிடுவீர்கள். பாடசாலை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘த ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவத்தையும் பலர் சிபாரிசு செய்வார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஈழத்தமிழரைக் காட்டிய விதத்துக்காக 2021இல் தமிழ்நாட்டு அரசே தடை கேட்ட தொடர் அது. இலங்கையில் இருந்து பார்ப்பவருக்கு அந்தப் பகுதிகள் பல்லில் மண்ணாகக் கடிபடும்.

காசே செலவழிக்க முடியாதவருக்கு

யூடியூபில் கிடைக்கும் ‘விடாது கருப்பு’ போதும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேச’ வரிசையில் 1990களின் பிற்பகுதியில் வந்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. ‘தலைவெட்டியான் பாளையம்’ இயக்கியவரும் இதே நாகாதான் என்பது பலருக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கவென்று எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் மறந்தவருக்கு நினைவூட்டிவிட்டே தொடங்குகிறது. படம் மங்கல், ஒலி சுமார். ஆனால் தொழிற்சாலையில் காவல் தெய்வமான ரோதை முனிக்கு விளக்கு வைக்கும் தோட்டத்தில் கருப்பசாமி குதிரையில் வருவது எடுபடாமல் போகாது. 360பியில் பார்த்தாலே போதும், மணிக்கு ஏறக்குறைய 0.3 ஜீபிதான் செலவு.

டிஷ்ஷும் டேட்டாவும்

மலை மறைத்து சாதாரண அன்டெனாவுக்குப் படம் வராத இடத்திலும் டிஷ் வேலை செய்வதற்குக் காரணம், செயற்கைக்கோள் நமக்கு வானத்தில் நல்ல உயரத்தில் நிற்பது. மூடுபனியால் படம் போவதில்லை, பலர் அதைத்தான் குறை சொல்வார்கள். கனமழைதான் சிக்னலைக் குடிக்கிறது. மழை விட்ட பிறகும் படம் வராவிட்டால் காற்றில் டிஷ் அசைந்திருக்கும், அல்லது டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யில் கேபிள் பூட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்த இணைப்பைக் கழற்றி உலர்த்தி ரப்பர் டேப் சுற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மின்னலில் கேபிளைக் கழற்றி வைப்பது கட்டாயம்.

தென்மேற்குப் பருவக்காற்றில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் பதுளைப் பக்கமும் கரண்ட் அடிக்கடி போகும். நீண்ட மின்தடையில் போன் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும், நேரடியாக ஓடவிட்டுப் பார்ப்பதை நம்பி இருக்க முடியாது. முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். இரவுக்கென்று தனி டேட்டா உள்ள பொதி என்றால் படுக்குமுன் போட்டுவிட்டால் விடிவதற்குள் இறங்கியிருக்கும். 480பி தரத்தில் மணிக்கு அரை முதல் முக்கால் ஜீபி ஆகும். ‘சுழல்’ முழுதும் மூன்று முதல் நாலரை ஜீபி, ‘அயலி’ அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆறு அங்குலத் திரையில் எச்.டி. எடுப்பது வீண்.

பிரைமில் இறக்கியவற்றுக்குப் பெரும்பாலும் 30 நாள் தவணை. ஆனால் ஒரு அத்தியாயத்தை ஒருமுறை தொட்டு ஓடவிட்டால் 48 மணி நேரத்தில் அது காலாவதியாகும். சரியாக இறங்கியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க எட்டையும் தட்டிப் பார்ப்பவர்கள் இதில்தான் அகப்படுவார்கள். முதலாவதை மட்டும் சோதியுங்கள். ஒரு மாதக் கட்டணம் கட்டுமுன் நீங்கள் பார்க்கவிருக்கும் தொடர் இலங்கையில் திறக்கிறதா என்று செயலியில் தேடிப் பாருங்கள், முன்னோட்டம் ஓடுவது மட்டும் அதற்கு உத்தரவாதமில்லை. ஜீ5க்கும் பிரைமுக்கும் ஒரே மாதத்தில் கட்ட வேண்டியதும் இல்லை. முதல் மாதம் ஜீ5 எடுத்து ‘அயலி’, ‘விலங்கு’ இரண்டையும் முடியுங்கள், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள், அடுத்த மாதம் பிரைமுக்கு மாறுங்கள்.