16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் வாங்கலாமா? ஈபி பில் நிஜமா குறையுதா?

சுவத்து சாக்கெட்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல மாட்டினா கரண்ட் எவ்ளோ இழுக்குதுன்னு ஆப்ல காட்டுற 16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் ஒண்ணு, ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு வாங்கி வீட்ல யூஸ் பண்ணிட்டு இருக்கேன். பிராண்டு பேர் போடல, இந்த விலைல வர்றது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான். ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், இத மாட்டினதும் பில் தானா குறையாது, யாரு திங்கறாங்கன்னு காட்டிக் குடுக்கும் அவ்ளோதான், நிறுத்த வேண்டியது நாமதான்.

நம்ம தமிழ்நாட்டுல இது எதுக்கு முக்கியம்னா அந்த 500 யூனிட் கோடு. ரெண்டு மாசத்துக்கு 500க்குள்ள இருந்தா 101லேருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு சலுகை, 501 ஆனா அந்த சலுகை காலி, அந்த ஒரு யூனிட்டுக்காக பில்லு இருநூறு ரூபாய்க்கு மேல எகிறும், அதுக்கப்புறம் ஏர்ற யூனிட் ஒவ்வொண்ணும் எட்டு ரூபாய்க்கு மேல. வெயில் காலத்துல எங்க வீடு சரியா இந்த கோட்டு மேலதான் தொங்கிட்டு இருக்கும், அதனால இருபது முப்பது யூனிட் எங்கேயாவது புடிச்சாலே லாபம்.

மொதல்ல ஃபிரிட்ஜ்ல போட்டேன். பழைய சிங்கிள் டோர். கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி, கட் ஆகி, திரும்ப ஓடணும், கிராஃப் பாத்தா சீப்பு பல்லு மாதிரி இருக்கணும். எங்களுது ஒரே கோடா நேரா போகுது, ராத்திரி ரெண்டு மணிக்கும் கட் ஆகல. கதவு இடுக்குல பத்து ரூபா நோட்ட வெச்சு மூடி இழுத்தா வழுக்கிட்டு வந்துடுச்சு. ரப்பர் கேஸ்கட் செத்துப் போச்சு, குளிர் பூரா வெளில போயிட்டு இருந்திருக்கு. கேஸ்கட் மாத்தினதும் அதே கிராஃப்ல பல்லு பல்லா இடைவெளி விழ ஆரம்பிச்சுது, ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட்டுக்கு மேல போயிட்டு இருந்தது ஒரு யூனிட் பக்கம் வந்துடுச்சு. ரெண்டு மாசத்துக்கு கணக்கு போட்டா இதுலயே முப்பது யூனிட். பிளக்குக்கு குடுத்த காசு எனக்கு இங்கயே ஜீரணம் ஆயிடுச்சு.

அடுத்து கீசர். 2000 வாட், 15 லிட்டர், தண்ணி சூடாக இருபது நிமிஷம் போதும், முக்கால் யூனிட் கூட ஆகாது. ஆனா எங்க வீட்ல காலைல போட்டா மத்தியானம் வரைக்கும் யாரும் அணைக்கறதில்ல, தெர்மோஸ்டாட் கட் பண்ணும், தண்ணி ஆறும், திரும்ப போடும். ஆப்ல அரை மணி நேரத்துல தானா ஆஃப் ஆகற மாதிரி டைமர் வெச்சேன், அப்பா ரெண்டு நாள் திட்டினாரு, அப்புறம் பழகிட்டாரு. ஒரு எச்சரிக்கை, சுவத்து சாக்கெட் லூஸா இருந்தா கீசர் லோடுக்கு பிளக் சூடாகும், மொத நாள் கை வெச்சு தொட்டுப் பாருங்க, 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர்னா நான் போட மாட்டேன்.

இப்ப குறை. கரண்ட் போயி வந்தா பிளக் ஆஃப்லயே நிக்குது. கம்பெனிலேருந்து வரும்போதே செட்டிங் அப்படி. ஃபிரிட்ஜ்ல இருந்தப்ப ஒரு ராத்திரி கரண்ட் கட், நாங்க தூங்கிட்டோம், காலைல பாத்தா இட்லி மாவு பொங்கி தட்டு பூரா வழிஞ்சிருக்கு. ஆப்ல நாலு மெனு உள்ள போனா "கரண்ட் வந்ததும் பழைய நிலை"ன்னு ஒரு ஆப்ஷன் ஒளிஞ்சிட்டு இருக்கு, டப்பால வந்த பேப்பர்ல அதப் பத்தி ஒரு வரி கிடையாது. வாங்கினதும் மொத வேலையா அத மாத்துங்க. அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் கனெக்ட் ஆகும், 5ல தேடிட்டு உக்காந்திருக்காதீங்க.

ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருந்தா சுவத்துக்கும் ஸ்டெபிலைசருக்கும் நடுவுல போடணும். 24ல வெச்சு ஒரு ராத்திரி, 20ல வெச்சு ஒரு ராத்திரின்னு பாத்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், அதுக்கப்புறம் ரிமோட்டுக்கு வீட்ல சண்டை இல்ல. செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல அணைச்சாலும் 10 வாட் இழுத்துட்டே இருக்கு, ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட், அதுக்கு ஸ்மார்ட் பிளக் எதுக்கு, சுவிட்ச்ச அமுக்குங்க. கிரைண்டர், மிக்ஸி எல்லாம் பாவம், ஓடறதே கொஞ்ச நேரம், பிசாத்து கணக்கு. தண்ணி மோட்டார், சீலிங் ஃபேன் நேரடி வயரிங், இது அங்க ஆகாது.

யூட்யூப்ல வெளிநாட்டுக்காரங்க "ராத்திரில வாஷிங் மெஷின் ஓட்டுங்க, ரேட்டு கம்மி"ன்னு சொல்வாங்க, நம்ம வீட்டு கனெக்ஷனுக்கு நேரத்துக்கு நேரம் ரேட்டு மாறாது, நம்பி தூக்கத்த கெடுத்துக்காதீங்க.

ரூமுக்கு ரூம் வாங்கிப் போடாதீங்க, பிளக்கும் சும்மா இருக்கறப்பவே ஒரு வாட் பக்கம் திங்கும். ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி போடுங்க, 6 ஆம்ப் பின்னும் ஏத்துக்கற மாடலா பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 200, 250 யூனிட் ஓடற வீட்டுக்கு இது வேணவே வேணாம். 500 பக்கத்துல தவிக்கறவங்க வாங்கலாம். அஞ்சுக்கு மூணரை, ஒண்ணரை மார்க் அந்த ஆஃப்ல நிக்கற செட்டிங்குக்காக கட்.