பேட்டரி தீர்ந்தாலும் ஓட வேண்டும்: கேனோனெட், யாஷிகா, ஒலிம்பஸ், ஜோர்கி

டிஜிட்டலில் பல வருடம் ஓட்டிவிட்டு ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு (வ்யூஃபைண்டரில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) ஆசைப்படுபவர்கள் லைக்கா விலையைப் பார்த்ததும் நேராக 1970-களின் ஜப்பானியக் கேமராக்களிடம்தான் வருவார்கள். பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் கேனோனெட் கியூஎல்17 ஜி3, யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என், ஒலிம்பஸ் 35 ஆர்சி. ரஷ்யப் பக்கம் ஜோர்கி 4. லென்ஸ் கூர்மையை வைத்து இவற்றுக்குள் சண்டை போடுவது வீண். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 5.6-க்கு மூடிவிட்டால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிது) நான்குமே நல்ல படம் தரும். வாங்கப்போவது ஐம்பது வருடப் பழைய இயந்திரம். மக்கர் செய்தால் அதை மறுபடி ஓட வைக்க முடியுமா என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கில் என் ஓட்டு கேனோனெட்டுக்கு. நான் வைத்திருப்பதும் அதுதான்.

முதலில் யாஷிகா. 45 மிமீ எஃப் 1.7 லென்ஸ் அருமை, வ்யூஃபைண்டரும் பெரியது. அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே போட்டுக்கொள்ளும், இருட்டில் 30 விநாடி வரைகூடப் போகும். சிக்கல் என்னவென்றால் வேகத்தை நாமாக வைக்க வழியே இல்லை. பேட்டரி தீர்ந்தால் மிஞ்சுவது 1/500 விநாடி வேகம் மட்டும். அது கேட்ட 5.6 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44-ஐக் காகிதக் குழாயில் செருகி, மிச்ச இடத்துக்கு ஒரு ஸ்ப்ரிங் வைத்தால் போதும், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் திண்டு. வருடங்கள் போக அது நைந்து உதிர்ந்துவிடும். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திண்டு போய்விட்டது என்று அர்த்தம், வேகங்கள் தாறுமாறாகும். மாற்ற வேண்டுமென்றால் கேமராவை நிறையப் பிரிக்க வேண்டும். பழைய பேட்டரி கசிந்து கம்பியை அரித்திருந்தால் அது தனி வேலை.

ஒலிம்பஸ் 35 ஆர்சி சட்டைப்பை அளவுக்குச் சின்னது, சுமார் 410 கிராம்தான். பேட்டரி இல்லாமலும் ஓடும். வேகம், அப்பர்ச்சர் இரண்டும் வ்யூஃபைண்டரிலேயே தெரியும். பகலில் மட்டும் எடுப்பவருக்கு இதையே சொல்வேன். ஆனால் லென்ஸ் எஃப் 2.8தான், மெதுவான வேகமும் 1/15-உடன் நின்றுவிடும். மதுரைச் சித்திரைத் திருவிழா இரவில், தல்லாகுளம் கூட்டத்துக்குள் தெருவிளக்கை நம்பி எடுப்பவருக்கு எஃப் 1.7 தரும் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) பெரிய உதவி. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் 1/30-ஐப் பிடித்துக்கொள்ளலாம்.

ஜோர்கியில் பேட்டரியே கிடையாது, லென்ஸையும் மாற்றலாம். ஜூப்பிட்டர் 8 லென்ஸின் பழைய கால நிறம் பிடித்தவர்கள் நிறைய. எனக்கு இதில் பழக்கம் குறைவு, அதனால் இரண்டு எச்சரிக்கை மட்டும். ஷட்டரைக் காக் செய்யாமல் (அடிக்கத் தயாராக இழுத்து வைக்காமல்) வேகத்தை மாற்றினால் உள்ளே உடைய வாய்ப்புண்டு. ஷட்டர் திரை துணி. மூடி போடாமல் மதுரை வெயிலில் சூரியனைப் பார்க்கத் தொங்கவிட்டால் லென்ஸ் அதில் ஓட்டை போட்டுவிடும்.

இனி கேனோனெட். 40 மிமீ எஃப் 1.7, 1/4 முதல் 1/500 வரை, எல்லா வேகமும் இயந்திர விசையில் ஓடுபவை. பேட்டரி, ஒளியை அளக்கும் மீட்டருக்கும் அதை வைத்து அப்பர்ச்சரைத் தானே போடும் ஆட்டோவுக்கும் மட்டும்தான். மீட்டர் செத்தே போனாலும், ஃபோன் மீட்டரையோ வெயில் கணக்கையோ வைத்து முழுசாகப் பயன்படுத்தலாம். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம், உச்சி வெயில் என்றால் 1/500, எஃப் 11. நிழலுக்குப் போனால் மூன்று ஸ்டாப் திறக்க வேண்டியதுதான். பகலில் எஃப் 1.7-ல் பின்னணியை மங்கவைக்கலாம் என்று டிஜிட்டல் நினைப்பில் வந்தால் 1/500 இடம் கொடுக்காது, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும்.

இதன் பேட்டரி 1.35 வோல்ட் பிஎக்ஸ்625. அதுவும் வருவதில்லை. 1.5 வோல்ட் போட்டால் வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் ஏமாந்து அப்பர்ச்சரை மூடும், நெகட்டிவ் வெளிறிப்போகும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், இதுவே போதும். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரைப் பிரித்ததிலிருந்து சில மாதம்தான் வரும்.

டிஜிட்டலிலிருந்து வருபவர் செய்யும் முதல் தவறு, மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் எடுப்பது. வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடி இருப்பது கண்ணில் படாது. கேனோனெட்டின் மீட்டர் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருப்பதால், மூடி இருந்தால் ஆட்டோவில் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ஃபில்டர் போட்டாலும் கணக்குத் தானாகச் சரியாகும். யாஷிகாவில் கண் உடம்பின் முன்பக்கம் தனியாக இருப்பதால் இந்த இரண்டும் கிடையாது.

கேனோனெட்டின் வியாதி, ஷட்டர் இதழ்களும் அப்பர்ச்சர் இதழ்களும் ஒட்டிக்கொள்வது. வெயிலில் வண்டி டிக்கியில் வைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, எண்ணெய் இதழ்களுக்கு நகரும். ஆனால் இது சரியாகும் வியாதி. லென்ஸின் பெயர் எழுதிய முன் வளையத்தையும் முன் லென்ஸ் தொகுதியையும் கழற்றினால் ஷட்டர் இதழ் கைக்கு எட்டும். பஞ்சுக்குச்சியில் லைட்டர் திரவத்தைத் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் பல முறை இயக்கிப் பார்த்து, மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அப்பர்ச்சர் இதழுக்குப் பின்பக்க லென்ஸைக் கழற்ற வேண்டும். பின்கதவின் ஸ்பாஞ்ச் பிசுபிசுப்பாகியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பல்குச்சியும் கொண்டு சுரண்டிவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் ஒளி கசியாது. துகள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் பின்கதவைத் திறந்து 1/4 வேகத்தில் அடித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். ஆட்டோவை விட்டு அப்பர்ச்சரை எஃப் 16-க்குத் திருப்பும்போது இதழ் சட்டென்று மூட வேண்டும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். கையில் வந்ததும் ஃபோகஸை முடிவிலிக்கு வைத்து, மாடியிலிருந்து யானைமலை விளிம்பைப் பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர வேண்டும். பிறகு டேப்பால் ஒரு மீட்டர் அளந்து, அங்கும் சேர்கிறதா என்று பாருங்கள். தூரத்தில் சேர்ந்து கிட்டத்தில் விலகினால் அது நீங்களே திருகிச் சரிசெய்கிற பிழை இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரம் அதில்தான் தங்கும். சிலிகா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவே நல்லது.