திருகோணமலை மேடைகளுக்கு எந்த விளக்கு? மூடியைத் திறப்பவர் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

மேடை விளக்குகளை ஒப்பிடுபவர்கள் வெளிச்சத்தையும் நிறத்தையும் விலையையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் கடற்கரைகளுக்கும் கோயில் வீதிகளுக்கும் பாடசாலை மண்டபங்களுக்கும் விளக்கு வாடகைக்குக் கொடுப்பவருக்கு அது போதாது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த மூடியைக் கழற்றித் துடைக்கப்போவது அவருடைய பொடியன்கள்தான். அவர்களுடைய கைக்கும் கண்ணுக்கும் எது குறைந்த ஆபத்து, கடற்காற்றில் எது தாக்குப்பிடிக்கும் என்ற கோணத்திலேயே ஹலோஜன் பார் (PAR) விளக்கையும், டிஸ்சார்ஜ் மின்குமிழ் (இழை இல்லாமல் மின்வில்லால் ஒளிரும் குமிழ்) பொருத்திய பீம் மூவிங் ஹெட்டையும் (மோட்டாரால் தலை திரும்பி, ஒடுங்கிய கதிரை வீசும் விளக்கு), எல்.ஈ.டி. மூவிங் ஹெட்டையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

பார் விளக்கு வகையான பார் 64 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தகரக் கூடு, ஒரு பீங்கான் ஹோல்டர், 1000 வாட் மின்குமிழ், அவ்வளவுதான். மின்குமிழின் ஆயுள் ஏறக்குறைய 300 மணித்தியாலம். கூடு ஆறும்வரை காத்திருக்கும் பொறுமையும், ஹோல்டருக்குள் போகும் கம்பியின் உறை வெப்பத்தில் மொறுமொறுத்து உதிர்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் இருந்தால் பராமரிப்பில் பாதி முடிந்தது. மீதி, புவித்தொடுப்புக் கம்பி: கூடு முழுவதும் உலோகம் என்பதால் அந்தக் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் கூட்டிலேயே வந்து நிற்கக்கூடும். டிமரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு மின்குமிழ் மாற்றும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டிமரின் உள்ளே இருக்கும் குறைகடத்திச் சுவிட்ச் மின்சாரத்தை முழுதாகத் துண்டிப்பதில்லை என்பதால் பிளக்கைக் கழற்றுவது ஒன்றே சரியான வழி. ஒளிவட்டத்தைக் கூரிய விளிம்போடு காட்டும் புரொஃபைல் விளக்குகளில் வரும் சிறிய ஹலோஜன் குமிழை வெறுங்கையால் தொடவும் கூடாது. விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் குவாட்ஸ் கண்ணாடியில் சூடேறி அந்த இடம் பால்போல மங்கும். பிறகு அங்கேயே அது வெடிக்கலாம்.

டிஸ்சார்ஜ் பீம் வேறு சாதி. நம் ஊர் நிகழ்ச்சிகளில் புகைக்குள் ஊசிபோலப் பாயும் வெளிச்சத்துக்காக விரும்பப்படும் 230 வாட் வகையை எடுத்துக்கொண்டால், அதன் குமிழுக்குள் இரண்டு மின்வாய்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில்தான் வில் எரிகிறது. அழகு அங்கே இருக்கிறது, ஆபத்தும் அங்கேயே. எரியும்போது குமிழுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்கைத் தாண்டும். உள்ளே பாதரசம் இருக்கிறது. பற்றவைக்கும் கணத்தில் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு போகிறது. மூடியில்லாமல் எரியவிட்டால் புறஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். ஆகவே மூடியைத் திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை ‘சோதித்துப் பார்க்க’ என்று கம்பி போட்டுக் கடத்திவிடும் வேலையைப்போல மோசமானது எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை ஆறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்தே மின்குமிழைத் தொட வேண்டும். உள்ளே வெடித்திருந்தால் எல்லோரும் வெளியேறி, கதவு யன்னல்களைத் திறந்து அரை மணித்தியாலமாவது காற்றோட விட வேண்டும். சிதறியதை வெற்றிட உறிஞ்சியால் எடுப்பது பாதரச ஆவியை அறை முழுவதும் பரப்பும்.

எல்.ஈ.டி. மூவிங் ஹெட்டில் இந்தப் பயங்கள் பெரும்பாலும் இல்லை, ஆனால் அதைப் பொம்மைபோலத் திறப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிப்புக்குப் போவது குறைந்த வோல்ட்தான். அதற்கு முந்திய மின்வழங்கிப் பலகையில் 230 வோல்ட் நேராக்கப்பட்டு 325 வோல்ட் அளவு நேர்மின்னாக நிற்கிறது, சில வடிவமைப்புகளில் 390 வரை. பிளக்கைக் கழற்றிய பின்னும், மின்னைச் சேமித்துவைக்கும் கொள்ளளவியில் அது தங்கியிருக்கும் என்பதால், காத்திருந்து மல்டிமீற்றரால் அளந்த பிறகே பலகையில் கை வைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் விளக்கின் பலாஸ்டுக்கும் (குமிழுக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் பகுதி) இதே விதிதான்.

உப்புக் காற்று வேறு கணக்கு. விசிறி வைத்துக் குளிரூட்டும் எந்த மூவிங் ஹெட்டும் கடற்கரையில் உப்பையும் புகை இயந்திரத்தின் எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. தலையைத் தாங்கும் அலுமினிய நுகத்தில் இரும்புத் திருகாணி இறங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அந்த ஆணி இனிச் சுலபமாகக் கழலாது. சுருக்கிய காற்றால் தூசி ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; விட்டால் அது மிகை வேகத்தில் சுழன்று உருளைத் தாங்கியும் கெடும், மின்னை உண்டாக்கிப் பலகையையும் கெடுக்கும். வெப்பம் வெளியேறாத எல்.ஈ.டி. ஒரே இரவில் எரிவதில்லை, மெல்ல மங்குகிறது. அதனால்தான் கவனத்துக்கு வருவதில்லை.

ஐபி65 விளக்கு வாங்கினால் இதெல்லாம் தீரும் என்பார்கள். அந்த எண் தூசியையும் பீச்சும் நீரையும்தான் சொல்கிறது, உப்பரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒருமுறை திறந்தால் ரப்பர் வளையத்தைப் பார்த்து, திருகாணிகளைச் சரியான இறுக்கத்தில் பூட்டி, காற்றுக் கசிவுச் சோதனையும் செய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லாத கடை அதைத் திறக்காமல் அனுப்பிவிடுவதே மேல்.

இரண்டு மூவிங் ஹெட்டுக்கும் பொதுவான ஒரு பொல்லாப்பு பகலில் நடக்கிறது. காலையிலேயே தொங்கவிட்ட விளக்கின் முன்வில்லை கிழக்குக் கடலைப் பார்த்திருந்தால், சூரிய ஒளி அதன் வழியே குவிந்து உள்ளே நிறத்தகட்டையும் கம்பி உறையையும் கருக்கிவிடும், மின்சாரமே இல்லாமல். தலையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், அல்லது மூடுங்கள்.

என் தேர்வு: புதிதாக வாங்குபவருக்கு எல்.ஈ.டி., அதுவும் உதிரிப் பலகையும் விசிறியும் தனியே வாங்கக் கிடைக்கும் மாதிரி; பாடசாலை நாடகத்துக்குப் பழைய பார் விளக்கே தாராளம். டிஸ்சார்ஜ் பீம் ஏற்கனவே இருந்தால் விற்க வேண்டியதில்லை; மணிக்கணக்கைக் குறித்து, உற்பத்தியாளர் சொன்ன ஆயுள் முடியுமுன் குமிழை மாற்றி, கழற்றிய குமிழைக் குப்பையில் போடாமல் பெட்டியோடு எடுத்துவைத்து, புதிது தருபவரிடமே திருப்பி ஏற்பாரா என்று கேளுங்கள்.