வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம்: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து அரியலூர்ச் சீமைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கங்கைகொண்ட சோழபுரத்துக்காகத்தான் போவார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். வாரணவாசியில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தை நடுவில் சேர்த்தது பிள்ளைகளுக்காக. மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு நாலு. கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற வயசா அது?

போகிற வழியில் பிள்ளைகளிடம் டைனோசர் பேச்சை எடுக்காதீர்கள். எங்கள் அத்தை மதுரை தாண்டுகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே கால் வைத்ததும் சின்னவன், "எப்பா, டைனோசர் எங்க கெடக்கு?" என்று ஆரம்பித்துவிட்டான். அந்த மாவட்டத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த மண்ணின் பெரிய சொத்து கடல்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் ஏறி நின்றது. சிப்பி, கடல் முள்ளெலி எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன. "கடல் இருந்த ஊருக்குப் போறோம்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், சரியாக இருக்கும்.

எங்களுக்கு நேரம் போனதே அம்மோனைட்டுகளிடம்தான், இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு கடல் உயிர். சுருள் சுருளாக, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வரிவரியாகப் புடைத்திருக்கிற ஓடு. மகள் அதை நத்தை என்றாள். நத்தை இல்லை, தூத்துக்குடியிலிருந்து வாங்கி வருகிறோமே கணவாய், அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றேன். ஓட்டுக்குள் அடுத்தடுத்து அறைகள். கடைசி அறையில்தான் உயிர் குடியிருக்கும், மற்றதிலெல்லாம் காற்று நிரம்பி மிதக்க வைக்கும். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இவையும் போய்விட்டன. "அப்ப கணவாய் மட்டும் எப்படித் தப்பிச்சு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அத்தைதான், "அது மசிய பீச்சிட்டு ஓடியிருக்கும் தாயி" என்று சமாளித்தார்.

சின்னவனுக்கு உள்ளே இருந்ததைவிட ரோட்டில் போன சுண்ணாம்புக்கல் லாரிகள்தான் பிடித்திருந்தன. அதுவும் இதோடு சேர்ந்த கதைதான். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே இத்தனை சிமெண்ட் ஆலைகள். நம்ம நெல்லைப் பக்கத்துத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் சிப்பி இருக்குமா என்று மகள் கேட்டாள். இருக்காது, அது பூமிக்குள் வெந்து, நெரிபட்டு உருமாறிய கல். சிப்பி பதிந்த கல் பார்க்கணும் என்றால் சாத்தான்குளம் பக்கம் பனம்பாறைக்குப் போகணும்.

சின்ன இடம். பிள்ளைகள் கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம், கேட்காவிட்டால் கால் மணி நேரம். இதற்காக மட்டும் நெல்லையிலிருந்து வண்டி எடுப்பது வீண் அலைச்சல். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நாளுக்குத் தகும். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகவே படுத்திருக்கிற மரம். திறந்தவெளி, அதனால் வெயில் தாழ்ந்து போங்கள். சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிய இட்லியை அத்தைகூடத் தொடவில்லை.

அரசு விடுமுறையா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது பிள்ளைகளின் கால்சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்ப்பதும் நல்லது. எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற மெஷினுக்குள் இரண்டு ஜல்லி போய்விட்டது.