ஜியோலைட் மூட்டையும் பூஞ்சை டப்பாவும்: பயன்படுத்திப் பார்த்ததில்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்புக்கு வேண்டியதைத் தயார் செய்து வைப்பது என் வேலை. தண்ணீரிலிருந்து கதிரியக்க உலோகங்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று காட்டுவதற்காக இரண்டு பொருள் வாங்கினோம். கிளினோப்டிலோலைட் என்ற ஜியோலைட் கல் (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் நுண்துளைக் கனிமம்) ஒரு மூட்டை, காயவைத்துப் பொடித்த ரைசோபஸ் பூஞ்சை ஒரு டப்பா.

மூட்டையில் 'கழுவியது' என்று அச்சிட்டிருந்தது. நம்பிக் குழாயில் நிரப்பித் தண்ணீர் விட்டேன். கல் தூசி கலந்து சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக வந்தது. ஏழு தடவை அலசிய பிறகுதான் தெளிந்தது. அப்புறம், கல்லுக்குள் சோடியம் ஏறட்டும் என்று உப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தேன்.

சோதித்தது கதிரியக்கமில்லாத ஸ்ட்ரான்ஷியம் குளோரைடில். அணுக்கழிவில் இருக்கும் கதிரியக்க வகையான ஸ்ட்ரான்ஷியம்-90க்கும் வேதிக் குணம் அதேதான். குழாயில் விடும் முன் சுடரில் காட்டினால் செக்கச் சிவப்பு. வெளியே வந்ததைக் காட்டினேன், பளீரென்று மஞ்சள்! "சார், வேற ஏதோ கலந்திருக்கு" என்றாள் ஒரு மாணவி. கலந்துதான் இருந்தது. ஸ்ட்ரான்ஷியத்துக்கு இடம் விட்டு வெளியேறிய சோடியம் அது. கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மஞ்சள் மறைந்தது, சிவப்பும் கண்ணில் படவில்லை. தூசியை அப்போதே மன்னித்துவிட்டேன்.

கடின நீரில் மட்டும் கால்சியம் போட்டிக்கு வருவதால் சிவப்பு சீக்கிரமே எட்டிப் பார்த்துவிடுகிறது. பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் 1985 முதல் கதிரியக்க சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பிடிப்பது இதே வகைக் கல்தான்.

பூஞ்சைப் பொடிதான் படுத்தி எடுத்தது. சரக்கைக் குறை சொல்ல முடியாது. செத்த பூஞ்சையாக இருந்தாலும் செல் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் ரைசோபஸ் 180 மில்லிகிராமுக்கும் மேல் யுரேனியம் பிடித்ததாக 1981இல் வெளியான ஆய்வு சொல்கிறது. யுரேனியம் எங்களுக்கு ஏது? காப்பர் சல்பேட்டில் போட்டேன், நீலம் நன்றாகவே வெளிறியது. ஆனால் குழாயில் நிரப்பினால் பொடி ஊறிக் கூழாகி, சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பசையில் சேர்த்து மணிகளாக உருட்டி விற்றிருக்கலாம்.

டப்பாவில் 'கதிர்வீச்சை அழிக்கும்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். சுத்தப் புளுகு. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும். அது கல்லில் இருந்தால் என்ன, பூஞ்சையில் இருந்தால் என்ன? தண்ணீர் சுத்தமாகும், பிடித்த பொருள் கழிவாகும், அவ்வளவுதான்.

கல் இன்னொரு மூட்டை கேட்டு எழுதியாயிற்று. பூஞ்சை அடைத்த குழாயைத்தான் இன்னும் கம்பியால் குடைந்துகொண்டிருக்கிறேன்.